தூலேயைக் கண்டவர் பொய்யரா? பித்தியாஸின் வடகடல் பயணம்

ஓதக்கரை (இழையைத் தொடங்கியவர்):

ரொம்ப நாளாக மனத்தில் கிடந்த விஷயம். இங்கே கடல் தெரிந்தவர்களும் கணக்கு தெரிந்தவர்களும் இருப்பதால் துணிந்து எழுதுகிறேன்.

கி.மு. 325 வாக்கில், கிரேக்கர்கள் குடியேறியிருந்த மஸ்ஸாலியா என்ற ஊரிலிருந்து, அதாவது இன்றைய மார்செய் துறைமுகத்திலிருந்து, பித்தியாஸ் என்பவர் வடக்கே புறப்பட்டார். அலெக்சாண்டர் படையோடு சிந்து நதிக்கரையில் நின்ற அதே காலம். இவரிடம் படை இல்லை. எந்த அரசர் அனுப்பியதாகவும் யாரும் எழுதவில்லை. பிரித்தானியத் தீவைச் சுற்றி, அதற்கு வடக்கே ஆறு நாள் கடல்வழியில் தூலே என்ற நிலம் இருப்பதைச் சொன்னார். அதையும் தாண்டி ஒரு நாள் போனால் கடலே உறைந்து கிடக்கிறது என்றார். ஊர் திரும்பி 'பெருங்கடலைப் பற்றி' என்று ஒரு நூலும் எழுதினார்.

அந்த நூலில் ஒரு பக்கம்கூட இன்று இல்லை. நமக்குக் கிடைப்பது பிறர் எடுத்தாண்ட துண்டுகள் மட்டும். அவற்றிலும் பெரும்பங்கு ஸ்ட்ராபோ என்ற புவியியலாளரிடம் இருக்கிறது. அவர் பித்தியாஸுக்கு 300 ஆண்டு பிற்பட்டவர்; "பொய்யர்களில் பெரிய பொய்யர்" என்று திட்டுவதற்காகவே பித்தியாஸின் பேச்சை எடுத்துப் போடுகிறார். அவருக்கு முன்பே பாலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர், 'தனியாள், அதுவும் ஏழை, இத்தனை தூரம் கப்பலிலும் காலாலும் எப்படிப் போயிருக்க முடியும்?' என்று கேட்டுவிட்டார். ஹெர்மஸ் தேவனே வந்து சொன்னாலும் நம்ப முடியாத கதை என்பது அவருடைய தீர்ப்பு.

நான் எல்லாத் துண்டுகளையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பித்தியாஸ் தன் கண்ணால் பார்த்ததையும், கோல் வைத்து அளந்ததையும், பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியாக வைத்தவர். அவரைத் திட்டியவர்கள்தான் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள். இதற்கு மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

*

கல்தச்சன்:

மறுப்பு இருக்கிறது, ஓதக்கரை. ஸ்ட்ராபோவை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது. அவர் பக்கத்தில் நின்று பாருங்கள்.

பித்தியாஸ் கணக்குப்படி பிரித்தானியாவின் சுற்றளவு 40,000 ஸ்டேடியத்துக்கு மேல். ஒரு ஸ்டேடியம் ஏறத்தாழ 185 மீட்டர் என்று வைத்தால் 7,400 கிலோமீட்டர். கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ் மூன்று பக்கங்களையும் தனித்தனியாகத் தருகிறார்: 7,500, 15,000, 20,000. அதில் சின்னப் பக்கம் கென்ட் முனையிலிருந்து கார்ன்வால் முனை வரை உள்ள தென்கரை. 7,500 ஸ்டேடியம் என்றால் 1,390 கிலோமீட்டர். உண்மையில் நேர்கோட்டில் 500 சொச்சம்தான் வரும். இரண்டரை மடங்கு மிகை!

அடுத்து, ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார்: பிரித்தானியாவுக்கு வடக்கே ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) 80 முழம் உயர்வதாக பித்தியாஸ் சொன்னாராம். 80 முழம் என்றால் 35 மீட்டர். பன்னிரண்டு மாடி உயரம். உலகத்தில் எந்தக் கடலிலும் ஓதம் அப்படி ஏறாது.

இப்படி எண் சொல்லுகிற ஒருவர், அதற்கும் வடக்கே யாரும் பார்க்காத ஒரு நாடு இருக்கிறது என்றால், படித்தவர் எவரும் சந்தேகப்படத்தான் செய்வார். ஸ்ட்ராபோ செய்தது அதுதான்.

*

மாலுமி72:

ஓதம் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். 26 வருடம் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். 35 மீட்டர் கிடையாது, அது சரி. ஆனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மனிதரைப் பொய்யர் என்பதற்கு முன்னால், அவர் எந்தக் கடலில் பிறந்து வளர்ந்தவர் என்று பாருங்கள்.

மார்செயில் ஓதம் ஓரடிகூட வராது. காலையில் படகு கட்டிய படியிலேயே சாயங்காலமும் தண்ணீர் நிற்கும். அந்த ஊர்க்காரர் அட்லாண்டிக் பக்கம் போகிறார். நான் முதல்முறை பிரிஸ்டல் கால்வாயில் ஏவன்மவுத் துறைமுகத்துக்குப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அங்கே தண்ணீர் 14 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும். அதனால் துறைமுகத்தையே லாக் கேட் போட்டுத் தனியாக அடைத்து வைத்திருக்கிறார்கள். கப்பல் ஏற்றத்தை ஒட்டித்தான் உள்ளே நுழைய முடியும். வேலை முடித்துச் சாயங்காலம் மேல்தளத்துக்கு வந்து பார்த்தால், காலையில் நாங்கள் மிதந்து வந்த இடம் முழுக்கப் பழுப்புச் சேறு. அதில் பறவைகள் நடக்கின்றன. சென்னையில் ஒரு மீட்டர் ஓதம் பார்த்து வளர்ந்த எனக்கே வயிற்றைக் கலக்கியது.

அலெக்சாண்டரின் ஆட்கள் கி.மு. 325இல் சிந்து முகத்துவாரத்தில் ஓதத்தைப் பார்த்து மிரண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் ஏரியன் எழுதுகிறார். தண்ணீர் வடிந்து கப்பல்கள் தரையில் நின்றுவிட்டன. திரும்பி ஏறியபோது சில உடைந்தும் போயின. ஆயிரக்கணக்கான பேர், தேர்ந்த மாலுமிகள், அவர்களுக்கே அந்த அதிர்ச்சி. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பித்தியாஸ் அட்லாண்டிக்கில் ஓதத்தைப் பார்த்துவிட்டு, நிலவு வளர்வதற்கும் தேய்வதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அதைக் கவனித்துச் சொல்ல எத்தனை இரவு கரையில் உட்கார்ந்து எண்ணியிருக்க வேண்டும்! 80 முழம் என்பது புயலலையைச் சேர்த்துச் சொன்னதாக இருக்கலாம், ஏடு பெயர்த்தவர் கை தவறியதாகவும் இருக்கலாம். நிலவு விஷயம் கை தவறி வராது.

சுற்றளவு பற்றியும் ஒரு வார்த்தை. கடலில் தூரத்தை அளக்க அவர்களிடம் கருவி ஏது? எத்தனை பகல் ஓடினோம் என்று எண்ணி, ஒரு பகலுக்கு இத்தனை ஸ்டேடியம் என்று பெருக்குவார்கள். எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து போனாலும் அதே பெருக்கல்தான். மிகை வந்தே தீரும்.

*

வெண்கலமணி:

பாலிபியஸின் "ஏழைக்கு எப்படி முடிந்தது" என்ற கேள்விக்கு என்னால் முடிந்த பதில்.

எங்கள் குடும்பம் மணி வார்க்கிற குடும்பம். செம்பை மட்டும் வார்த்தால் மணி ஒலிக்காது. வெள்ளீயம் சேர வேண்டும். மணிக்கு ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் போடுவோம். கிரேக்கர்களுக்கும் அதே தேவை. கவசம், சிலை, பாத்திரம், எல்லாம் வெண்கலம். செம்பு அவர்கள் பக்கத்தில் நிறைய இருந்தது. வெள்ளீயம் வந்த இடங்களில் முக்கியமானது பிரித்தானியாவின் தென்மேற்கு மூலை, இன்றைய கார்ன்வால். அதைத்தான் பெலேரியோன் என்று டயோடோரஸ் எழுதுகிறார். அவர் பெயர் சொல்லாவிட்டாலும் அந்தச் செய்தி பித்தியாஸின் நூலிலிருந்து வந்தது என்றுதான் ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள்.

அந்தப் பத்தியைப் படித்தால் சரக்கு நகர்வது கண்ணுக்குத் தெரியும். பாறையில் ஓடும் ஈயக் கொடியைத் தோண்டி, உருக்கி, தாயக்கட்டை உருட்டப் பயன்படும் கணுக்கால் எலும்பு வடிவில் கட்டிகளாக வார்க்கிறார்கள். தண்ணீர் வற்றும்போது இக்டிஸ் என்ற தீவுக்கு மாட்டு வண்டி போல வண்டிகளில் ஏற்றிப் போகிறார்கள். தண்ணீர் ஏறினால் அது தீவு, இறங்கினால் நிலத்தோடு சேர்ந்துவிடும். கார்ன்வாலில் செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் என்று ஒரு குன்று இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. வற்றத்தில் கல்பாதை வழியாக நடந்தே போகலாம். வியாபாரிகள் அங்கே வாங்கி, கடல் தாண்டி, பிரான்ஸ் நிலம் முழுக்கக் குதிரை மேல் ஏற்றி, 30 நாளில் ரோன் ஆற்றின் முகத்துவாரத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

ரோன் முகத்துவாரம் எங்கே? மஸ்ஸாலியாவுக்குப் பக்கத்தில். ஆக, வழி ஏற்கெனவே இருந்தது. சரக்கு வந்த வழியில் ஒருவர் எதிர்த்திசையில் நடந்திருக்கிறார், அவ்வளவுதான். சொந்தக் கப்பல் எதற்கு? ஊருக்கு ஊர் அந்தந்த ஊர்க்காரர்களின் படகில் ஏறிப் போகலாமே. பிரித்தானியர்கள் பிரம்பால் முடைந்து தோல் போர்த்திய படகில் கடலில் போவார்கள் என்று பிளினி குறிப்பிடுகிறார். நம் பரிசல் மாதிரி.

*

ஓதக்கரை:

வெண்கலமணி, மிக்க நன்றி. இக்டிஸ் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஆனால் வார்ப்புக்காரர் கண்ணால் படித்ததில்லை.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். பாலிபியஸ் நடுநிலையாளர் இல்லை. அவரே ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் ரோமானியக் கப்பல்களோடு போய்வந்தவர், வெளிக்கடலில் தான் பட்ட பாட்டைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர். தனக்கு 180 ஆண்டுக்கு முன்பே, அரசு உதவி இல்லாமல், தன்னைவிடப் பல மடங்கு தூரம் ஒருவர் போய்விட்டார் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

*

திண்ணைவாசி:

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஒரு சந்தேகம். பித்தியாஸ் வடக்கே 'கடல் நுரையீரல்' பார்த்தார் என்று எங்கோ படித்தேன். அது என்ன?

*

ஓதக்கரை:

தூலே பக்கத்தில் நிலம், கடல், காற்று எதுவும் தனித்தனியாக இல்லை, எல்லாம் கலந்து கடல் நுரையீரல் போல ஒன்று மிதக்கிறது, அதன் மேல் நடக்கவும் முடியாது, கப்பல் ஓட்டவும் முடியாது என்று பித்தியாஸ் சொன்னதாக ஸ்ட்ராபோ எழுதுகிறார். கடல் நுரையீரல் என்பது கிரேக்கர்கள் சொறிமுட்டைக்கு வைத்த பெயர். பிளேட்டோகூட ஒரு உரையாடலில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். சொறிமுட்டை தண்ணீரில் மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும், அதனால் அந்தப் பெயர்.

இப்போது உறையத் தொடங்கிய கடலை நினைத்துப் பாருங்கள். கூழ் போன்ற பனி, அதில் வட்ட வட்டமாகத் தட்டுகள், அடியில் அலை எழும்போது மொத்தப் பரப்பும் மெதுவாக ஏறி இறங்கும். மேலே மூடுபனி. எது தண்ணீர், எது காற்று என்று பிரித்துச் சொல்ல முடியாது. பனிக்கடலையே பார்த்திராத மத்தியதரைக்கடல்காரர் ஒருவர், தன் ஊர் மீனவர் வலையில் சிக்குகிற ஒரு பிராணியை உவமையாக எடுத்திருக்கிறார்.

இதில் என் மனத்தைத் தொட்ட இடம் வேறு. "நுரையீரல் போன்றதை நானே பார்த்தேன், மற்றவை கேள்விப்பட்டவை" என்று பித்தியாஸ் பிரித்துச் சொன்னதை, அவரைத் திட்டுகிற அதே பத்தியில் பதிவு செய்திருக்கிறார்கள். பொய் சொல்ல உட்கார்ந்தவர் இப்படிக் கோடு கிழிப்பாரா?

*

கணக்குவாத்தியார்:

ஓய்வுபெற்ற ஆசிரியன், ஊர் நாகப்பட்டினம். நான் நேராக எண்ணுக்கு வருகிறேன்.

பித்தியாஸ் ஊரில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, ஆண்டின் நீண்ட பகலன்று நண்பகல் நிழலை அளந்தார். கோல் 120 பங்கு என்றால் நிழல் 41 பங்கும் இன்னொரு பங்கில் ஐந்தில் நாலும். இந்த விகிதம் ஹிப்பார்க்கஸ் என்ற வானியலாளர் வழியாக ஸ்ட்ராபோவிடம் வந்து நமக்குக் கிடைத்திருக்கிறது.

41.8ஐ 120ஆல் வகுத்தால் சூரியன் உச்சியிலிருந்து 19.2 பாகை சாய்ந்திருந்தது தெரியும். அன்று சூரியன் பூமத்திய ரேகைக்கு வடக்கே 23.7 பாகையில் இருக்கும் (இன்று 23.4, இத்தனை நூற்றாண்டில் கொஞ்சம் குறைந்திருக்கிறது). கூட்டினால் 42.9. அப்புறம் ஒரு திருத்தம். நிழலின் கரிய பகுதி முடிகிற இடம் சூரியனின் மேல் விளிம்பைக் காட்டுகிறது, நடுவை இல்லை. அதற்குக் கால் பாகை சேர்க்க வேண்டும். ஏறத்தாழ 43.2 வருகிறது. மார்செயின் அட்சரேகை 43.3.

நான் இதை எங்கள் வீட்டு மாடியில் செய்து பார்த்தேன். 120 சென்டிமீட்டர் இரும்புக் குழாய், தூக்குக்குண்டு வைத்து நேராக்கினேன். ஜூன் 21, நம் கடிகாரத்தில் 12 மணி 12 நிமிட வாக்கில் உச்சி. நாகப்பட்டினம் கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால் அன்று நிழல் தெற்கே விழும், மார்செயில் வடக்கே. எனக்கு 26க்கும் 27க்கும் நடுவே வந்தது. நடுவே என்று ஏன் சொல்கிறேன் என்றால், நிழல் நுனி கோடு போட்டதுபோல் நிற்கவில்லை. ஒரு விரல் அகலத்துக்கு மங்கலாகக் கரைந்து போகிறது. குனிந்து, முட்டி போட்டு, எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருந்தது. அந்த மங்கலுக்குள் நின்று "ஐந்தில் நாலு" என்று சொன்னவரின் கண்ணையும் பொறுமையையும் அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

இன்னும் ஒன்று. வானத்தின் வடதுருவத்தில் நட்சத்திரமே இல்லை, அருகில் உள்ள மூன்று நட்சத்திரங்களோடு அந்த வெற்றிடம் ஒரு நாற்கரம் ஆகிறது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ஹிப்பார்க்கஸ் அதைச் சரி என்று ஏற்றார். இன்றைய துருவ நட்சத்திரம் அன்று துருவத்திலிருந்து 12 பாகைக்கும் மேல் விலகி நின்றது. வானம் அறிந்த மற்ற கிரேக்கர்கள் ஒரு நட்சத்திரம் அங்கே அசையாமல் நிற்பதாக எழுதிக்கொண்டிருந்தபோது இவர் பார்த்துத் திருத்தியிருக்கிறார்.

*

கல்தச்சன்:

வாத்தியார் ஐயா, வணங்குகிறேன். நிழல் கணக்கில் நான் வாய் திறக்க மாட்டேன்.

ஆனால் அது அவர் சொந்த ஊரில் செய்த அளவு. வீட்டு வாசலில் துல்லியமாக அளந்தவர் என்பதால் தூலேவுக்குப் போனார் என்று ஆகிவிடாது. வானியல் தெரிந்த ஒருவர், வடக்கே போகப் போகக் கோடை இரவு குறையும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கணக்குப் போட முடியும். தூலேயில் நீண்ட பகலன்று சூரியன் மறையாது என்பதும் கணக்கில் வரக்கூடியதுதான். வட பயணத்துக்கு, கணக்கால் வரவே முடியாத ஒரு சாட்சி வேண்டும்.

*

ஃபியோர்ட்கரை:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1990களில் இருந்து நோர்வேயில் ட்ரொண்ட்ஹைம் நகரத்தில் இருக்கிறேன். இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு இருந்தேன். நான் இருக்கிற இடத்தைப் பற்றியும் கதை வந்ததால் எழுதுகிறேன்.

ஜெமினஸ் என்ற வானியலாளர் பித்தியாஸின் நூலில் இருந்து ஒரு வசனத்தை அப்படியே எடுத்திருக்கிறார். "சூரியன் உறங்கப் போகும் இடத்தை அந்நாட்டார் எங்களுக்குக் காட்டினார்கள்." அங்கே இரவு சில இடத்தில் 2 மணித்தியாலம், சில இடத்தில் 3 மணித்தியாலம் என்றும் சொல்கிறார்.

இங்கே ஜூன் நடுவில் இரவு 11.38 போலச் சூரியன் மறைந்து, 3.02க்கு எழும்பிவிடும். மூன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. மறைகிற இடமும் எழும்புகிற இடமும் தூரம் இல்லை. வடமேற்கில் ஒரு மலைக்குப் பின்னால் இறங்கி, அப்படியே மலைக்குப் பின்னால் சறுக்கிக்கொண்டு போய் வடகிழக்கில் தலை நீட்டும். நடுவில் வானம் இருட்டாது. வந்த முதல் கோடையில் எனக்கு நித்திரையே வரவில்லை. வேலைத்தலத்தில் ஒரு வயதான நோர்வே அம்மா என்னை யன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய், விரலால் மலை ஓரமாகக் கோடு கீறி, "இதிலே போகுது, பிறகு அதிலே வரும்" என்று காட்டினா. பித்தியாஸின் அந்த வசனத்தை வாசித்தபோது எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது. கணக்குப் போடுகிறவர் மணித்தியாலத்தைச் சொல்லலாம். ஊர்ச்சனம் கைநீட்டிக் காட்டியதைக் கணக்கில் எடுக்க ஏலாது, கல்தச்சன் அண்ணா.

துருவப் பயணி நான்சன், தூலே நோர்வேயின் இந்தப் பக்கம்தான் என்று 1911இல் வாதாடியிருக்கிறார். ஸ்கொட்லாந்துக்கு மேலே ஷெட்லாண்ட் தீவில் இரவு 5 மணித்தியாலம், அது பொருந்தாது. ஐஸ்லாந்தில் மணித்தியாலம் பொருந்தும். ஆனால் அங்கே கி.பி. 9ஆம் நூற்றாண்டு வரைக்கும் குடியேறிய சனம் இல்லை. காட்டுவதற்கு ஆள் வேண்டுமே.

*

மாலுமி72:

அக்கா எழுதியதைப் படித்து உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் ஒன்று இடிக்கிறது. நோர்வே கரையில் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீரோட்டம் வந்து மோதுவதால், வெளிக்கடல் குளிர்காலத்திலும் உறைவதில்லை. குளிர்காலத்தில் நார்விக் வரைக்கும் போய் இரும்புத்தாது ஏற்றியிருக்கிறோம், பனி உடைக்கும் கப்பல் தேவைப்படவில்லை. தூலேயிலிருந்து ஒரு நாள் போனால் உறைந்த கடல் என்கிறாரே, அது ஐஸ்லாந்துக்குத்தான் பொருந்தும். கிரீன்லாந்தின் கிழக்குக் கரையிலிருந்து மிதந்து வரும் பனி ஐஸ்லாந்தின் வடக்கே வரும், சில ஆண்டு கோடைத் தொடக்கத்திலும் நிற்கும்.

*

ஃபியோர்ட்கரை:

உண்மை தம்பி. இங்கே ஃபியோர்டின் (நிலத்துக்குள் நீளும் கடலின்) உள் முனைகளில், ஆறு வந்து கலக்கிற இடங்களில் பனித்தட்டுகள் வட்டமாக மிதந்து ஏறி இறங்குவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அது மார்கழி, தை மாதங்களில். சூரியன் உறங்கும் இடத்தைப் பார்க்கக் கோடையில் வந்தவர் அதைக் கண்டிருக்க மாட்டார்.

*

ஓதக்கரை:

ஆக, மனிதர்கள் நோர்வே பக்கம் இழுக்கிறார்கள், பனி ஐஸ்லாந்து பக்கம் இழுக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறதா? ஜெமினஸ் எடுத்த வரியில் தூலே என்ற பெயரே இல்லை. அந்த வரிக்குரிய ஊர் ஒன்றாகவும், ஆறு நாள் தள்ளிய தூலே வேறொன்றாகவும் இருக்கலாம். தூலேவுக்கு அவரே போனாரா, பிரித்தானியாவின் வடமுனையில் இருந்தவர்கள் சொல்லக் கேட்டாரா என்பதையும் துண்டுகள் தீர்த்துச் சொல்வதில்லை. நான் தலைப்பில் "கண்டவர்" என்று போட்டது அவசரம்தான்; அதைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

கல்தச்சன் கேட்ட சாட்சிக்கு வருகிறேன். ஸ்ட்ராபோவின் நான்காம் புத்தகத்தில் ஒரு சின்னப் பத்தி. குளிர் மண்டலத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்குப் பயிரும் கால்நடையும் குறைவு. தினை, கீரை, பழம், கிழங்கு இவற்றை வைத்துப் பிழைக்கிறார்கள். தானியமும் தேனும் உள்ள இடத்தில் அவற்றிலிருந்து ஒரு பானம் செய்கிறார்கள். அப்புறம் இது: அங்கே தெளிந்த வெயில் கிடையாது. அதனால் கதிரைப் பெரிய வீடுகளுக்குள் கொண்டுவந்து அடிக்கிறார்கள். வெளிக்களம் மழையாலும் வெயிலின்மையாலும் பயன்படாது.

மத்தியதரைக்கடல்காரருக்குக் களம் என்றால் திறந்த வெளி. நமக்கும் அப்படித்தான். வெயிலில் காய்ந்த கதிரை அடித்து, காற்று வரும் பக்கம் பார்த்துத் தூற்ற வேண்டும். கூரைக்குக் கீழே போரடிப்பதை மார்செயில் உட்கார்ந்து யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள். அதனால் கதைக்கு எந்த ருசியும் கூடாது. ஒற்றைக்கால் மனிதன், நாய்முக மனிதன் என்று எழுதியிருந்தால் கூடும்.

அதைவிடப் பெரிய விஷயம், இந்தப் பத்தியின் தொடக்கத்தில் ஸ்ட்ராபோவே இறங்கி வருகிறார். வானத்தைப் பற்றியும் கணிதத்தைப் பற்றியும் மட்டும் பார்த்தால், இந்த ஆள் குளிர் மண்டலத்தை ஒட்டிய இடங்களின் செய்திகளைப் போதுமான அளவுக்குச் சரியாகவே கையாண்டிருப்பதாகத் தோன்றும் என்கிறார். பிரித்தானியாவுக்கு வடக்கே அயர்லாந்தைக் கொண்டுபோய் வைத்து, மனிதன் வாழும் உலகம் அங்கே முடிகிறது என்று அடித்துச் சொன்ன அதே ஸ்ட்ராபோ!

*

ஃபியோர்ட்கரை:

இங்கே கிராமப்புறத்தில் பழைய பண்ணைகளில் மரத்தால் கட்டின பெரிய களஞ்சியம் இருக்கும், லோவே என்று சொல்வார்கள். கதிர் அடிப்பதற்கு அதற்குள்ளேயே பலகைத் தரை போட்டிருக்கும். நாங்கள் ஒருமுறை பிள்ளைகளோடு அருங்காட்சியகம் ஒன்றில் அதற்குள் நின்று பார்த்தோம். பலகை நடுவில் தேய்ந்து குழி விழுந்திருந்தது.

*

கல்தச்சன்:

சரி. போரடிக்கும் வீடு என்னை அசைத்துவிட்டது. என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பிரித்தானியாவுக்குப் போனார், பெரும்பகுதி கரையைப் பார்த்தார் என்று ஏற்கிறேன். அந்தத் தீவுக்குப் பிரெத்தானிக்கே என்ற பெயரும், பெலேரியோன், காண்டியோன் (கென்ட்), ஓர்க்கா (வடமுனை) என்ற மூன்று முனைகளும் அவர் மூலம் வந்தவை என்றால், முக்கோண வடிவத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். கி.பி. 84 வாக்கில் அக்ரிகோலாவின் ரோமானியக் கப்பற்படை சுற்றி வந்து தீவுதான் என்று உறுதிசெய்ததற்கு 400 ஆண்டு முந்தியது இது. வடக்கே இரவு மூன்று மணி நேரமாகக் குறைகிற ஊர் வரைக்கும் போனார் என்பதையும் இப்போது ஏற்கிறேன். அபாலஸ் என்ற தீவில் அலை ஒதுக்கும் அம்பரை (கல்லாக இறுகிய மரப்பிசினை) விறகுபோல எரித்தார்கள், மிச்சத்தைப் பக்கத்து டியூட்டோன் இனத்தாருக்கு விற்றார்கள் என்று பித்தியாஸ் சொன்ன கதையில் எரித்த பகுதி மட்டும் எனக்கு இன்னும் சந்தேகம்.

தூலே எங்கே என்பதில் நான் யார் பக்கமும் இல்லை. ஸ்பெயினின் காதிஸிலிருந்து டனாய்ஸ் (இன்றைய டான் ஆறு) வரைக்கும் ஐரோப்பாவின் கடற்கரை முழுவதையும் பார்த்தார் என்று பாலிபியஸ் அவர் தலையில் ஏற்றுவதையும் நம்ப முடியவில்லை.

*

கணக்குவாத்தியார்:

டனாய்ஸ் பற்றி எனக்கும் அதே எண்ணம்தான்.

ஃபியோர்ட்கரை சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் 21 வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. 120 சென்டிமீட்டர் கோல் ஒன்றை நட்டு, உங்கள் நகரத்தில் நிழலை அளந்து போட முடியுமா? உங்கள் கோடைக்காலக் கடிகாரத்தில் உச்சி பகல் 1 மணி 20 நிமிடத்துக்கு வரும். என் கணக்கில் நிழல் எவ்வளவு வரும் என்பதை இப்போது சொல்ல மாட்டேன்.

*

ஃபியோர்ட்கரை:

மழை இல்லாவிட்டால் கட்டாயம் செய்கிறேன், மாஸ்டர். மகன் தும்புத்தடிக் கம்பு ஒன்றை வெட்டித் தருகிறான்.

*

ஃபியோர்ட்கரை:

ஜூன் 21. காலையில் முழுக்க முகில். 1 மணிக்குப் பிறகு கொஞ்சம் விலகியது. மகன் நீர்மட்டம் வைத்து நேராகப் பிடித்தான், நான் தரையில் வெள்ளைக் கடுதாசி விரித்துப் பென்சிலால் குறித்தேன். நீங்கள் சொன்னது போலவே நுனி கரைந்துதான் போகிறது. கரிய பகுதி முடிகிற இடத்தை எடுத்தேன். நிழல் நேர் வடக்கே, 99 அரை சென்டிமீட்டர்.

*

கணக்குவாத்தியார்:

99.5க்கு 120. சாய்வு 39.7 பாகை. மேல் விளிம்புத் திருத்தம் கால் பாகை, சூரியனுக்கு 23.4. மொத்தம் 63.4.

வரைபடத்தில் பார்த்தேன். ட்ரொண்ட்ஹைம் 63.4.